முகாம் நாளில் தலை வாரக் கூடாது

முதலில் நினைவுக்கு வருவது ஒரு சைக்கிள். அதன் பின்பக்கக் கேரியரில், கால்களை வெட்டி எடுத்த ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கும். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே, பழைய நைலான் வலையை நாலு மடிப்பாக மடித்துப் பின்னிய பட்டை. கால்கள் சக்கரத்துக்குள் போய்விடாமல் இரண்டு பக்கமும் எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி அடித்த தகடு. அதில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி கடைத்தெருவை வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். தேவனாம்பட்டினத்திலிருந்து மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கு அந்தச் சைக்கிள் தினமும் காலை ஒன்பதேகாலுக்கு வந்து நிற்கும். மழை நாளில் அவள் தலைமேல் ஓர் உரச்சாக்கு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். இந்த நாட்டில் ஊனமுற்ற ஒரு குழந்தைக்காக யார் என்ன செய்தார்கள் என்று என்னை யாராவது கேட்டால், நான் கண்ணால் பார்த்தவரை உருப்படியாகச் செய்யப்பட்ட ஒரே ஏற்பாடு அந்த நாற்காலிதான் என்று சொல்வேன். அதை அரசு செய்யவில்லை. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு மீனவர் செய்தார்.

2005ஆம் வருஷம் நான் அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான சிறிய பள்ளி. இரண்டு அறை, ஒரு கீற்றுக் கொட்டகை, மூன்று ஆசிரியைகள். சிதம்பரத்தில் எங்கள் வீடு. காலையில் பஸ் பிடித்துக் கடலூர் வந்து, சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவேன். சிறப்பு ஆசிரியைக்கான படிப்பை முடித்த சூடு ஆறாத வயது. எந்தக் குழந்தைக்கும் எதையும் கற்றுக்கொடுத்துவிடலாம், அதற்குப் பொறுமையும் சரியான முறையும் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதில் பிழையில்லை. கற்றுக்கொடுத்த பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் அந்தப் படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

சைக்கிள்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை டீச்சர் என்பார். அந்தப் பெண்ணை அவர், நாங்கள், தெரு, கடைக்காரர், எல்லோருமே பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். அண்ணனின் மனைவி 2004 டிசம்பர் அலையில் போய்விட்டார். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் பேசவில்லை, அதனால் நானும் அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்த அம்மாள் உயிரோடு இருந்தபோது நாயாய் அலைந்து ஒரு காரியம் முடித்திருந்தார். மகளுக்கு ஊனமுற்றோர் அடையாள அட்டை வாங்கி, மாதாமாதம் அரசின் பராமரிப்பு உதவித்தொகை மணியார்டரில் வரும்படி செய்திருந்தார். பெரிய தொகை இல்லை. ஒரு நல்ல மீன் வாங்கப் போனால் காணாமல் போய்விடும் தொகைதான். ஆனாலும் அந்தத் தொகையையும், கரையில் உட்கார்ந்து அடுத்தவர் வலையைச் செப்பனிட்டுக் கிடைக்கும் கூலியையும் சேர்த்துத்தான் அண்ணன் கடலுக்குப் போகாமல் இருந்தார். கடலுக்குப் போகாததால்தான் பாப்பாவைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டு, மதியம் வந்து சோறு ஊட்டி, மூன்றரைக்குத் திரும்பக் கூட்டிப்போக முடிந்தது. அந்த மணியார்டர் நின்றால் அவர் படகு ஏற வேண்டும். அவர் படகு ஏறினால் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த வீட்டின் நிலவரம் இவ்வளவுதான்.

பாப்பாவுக்குத் தன் பெயர் தெரியாது என்பதை, நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம் கண்டுபிடித்தேன். பள்ளிப் பதிவேட்டிலும் ரேஷன் கார்டிலும் அவளுக்கு ஓர் அழகான பெயர் இருந்தது. அவள் அம்மா தேடித்தேடி வைத்த பெயராம். ஆனால் அதைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. நான் கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்க வைத்தேன். அதற்கு ஒரு மழைக்காலம் போனது. பிறகு கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, என் உதட்டைப் பார், உன் உதட்டைப் பார் என்று ஒவ்வோர் எழுத்தாகப் பழக்கினேன். முதல் எழுத்துக்கே நாலு மாதம். எச்சில் வழியும், துடைப்பேன், மறுபடி ஆரம்பிப்பேன். ஒருநாள் மதியம் சோறு ஊட்ட வந்த அண்ணனிடம், கேளுங்கள் என்றேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "உன் பேரு இன்னா?" என்றார். அவள் பருக்கை ஒட்டிய வாயோடு, "என் பேரு" என்று ஆரம்பித்து முழுப்பெயரையும் சொல்லி முடித்தாள். ரொம்பத் தெளிவாக இல்லை. ஆனால் தெரியாதவர் கேட்டாலும் புரியும். அண்ணன் கையில் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு நாலைந்து தடவை கேட்டார். அவளும் நாலைந்து தடவை சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. சிதம்பரம் வரை நின்றுகொண்டே போனேன், கால் வலித்ததாக நினைவில்லை.

2007இல் உதவித்தொகை வாங்குவோரை மறுபடி பரிசோதிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பழைய அட்டையைக் கொண்டுவந்து காட்டி, முகாமில் டாக்டரிடம் புதிதாகச் சான்று வாங்க வேண்டும். பழைய அட்டையை அலை கொண்டுபோயிருந்தது. அதற்குக் காவல் நிலையத்தில் ஒரு சான்று, கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று, வருமானத்துக்கு ஒன்று, இருப்பிடத்துக்கு ஒன்று. ஊருக்கே தெரியும் அந்தக் குப்பத்துக்குள் கடல் வந்தது. ஆனாலும் அட்டை கடலில்தான் போனது என்பதற்கு அவர் ஆதாரம் கொடுக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அது ஒன்றுதான் அப்படி என்று நினைத்துவிடுவீர்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் புகைப்படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பாப்பா அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளை ஸ்டூடியோவில் ஸ்டூலில் உட்காரவைத்து, கேமராவுக்குப் பின்னால் நின்று கோமாளித்தனமெல்லாம் செய்து எடுத்த படம்.

"இன்னாம்மா இது, போட்டோவுல ஊனமே தெரியலயே. ஊனம் தெரியறாப்ல வேற எடுத்துக்கினு வாங்க."

மனவளர்ச்சிக் குறைவைப் போட்டோவில் எப்படித் தெரியவைப்பது என்று நான் கேட்டேன். அதெல்லாம் ஸ்டூடியோக்காரனுக்குத் தெரியும் என்றார் அவர். நிஜமாகவே தெரிந்திருந்தது. நாங்கள் திரும்பப் போனதும் ஸ்டூடியோக்காரர் எதுவும் கேட்காமல் பாப்பாவின் தலைமுடியைக் கலைத்துவிட்டார். சட்டையில் மேல் பட்டனைக் கழற்றினார். அவள் வாயைத் திறந்தபடி மேலே மின்விசிறியைப் பார்க்கும்வரை காத்திருந்து எடுத்தார். மாதத்துக்குப் பத்துப் பேர் இதற்கென்றே வருகிறார்கள் என்றும், எல்லாம் பழக்கம்தான் என்றும் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தொழில். ஆனால் அந்தப் படத்தைக் கையில் வாங்கியபோது அண்ணனின் முகம் போன போக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஒரு தகப்பனைக் கூப்பிட்டு, உன் பிள்ளையை அசிங்கமாகக் காட்டு, அப்போதுதான் கொடுப்பேன் என்று கேட்கிற பணத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முகாம் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. எட்டு மணிக்கே வரச் சொல்லிவிட்டு டாக்டர் பதினொன்றரைக்கு வந்தார். அதுவரை வெயிலில் வரிசை. தூக்கி வந்த குழந்தைகள், முப்பது வயதுப் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி நின்ற ஒரு கிழவர், மூத்திரம் போய்விட்ட பையனின் டவுசரை மறைப்பில்லாமல் மாற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். குடிக்கத் தண்ணீர் இல்லை. மேடை மட்டும் இருந்தது. யாரோ வந்து விளக்கேற்றப்போகிறார்கள் என்று சாமியானா, பூமாலை, மைக் எல்லாம் தயாராக இருந்தன. நான் பாப்பாவுக்கு அன்றைக்குத் தலை வாரி இரட்டைச் சடை பின்னி, கனகாம்பரம் வைத்து, பள்ளி ஆண்டு விழாவுக்குத் தைத்த மஞ்சள் பாவாடையை உடுத்தியிருந்தேன். என் மாணவி இல்லையா. திருவந்திபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, மகனை அழைத்துக்கொண்டு மூன்று முகாம் பார்த்தவர், எங்களுக்கு முன்னால் நின்றார். அவர் பாப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தார்.

"ஏன் டீச்சர் தலைய வாரி வுட்டீங்க? முகாமுக்கு வர்றப்ப யாருன்னா தலை வாருவாங்களா? பூவு வேற."

அவர் மகனை இரண்டு நாளாகக் குளிப்பாட்டவில்லையாம். வலிப்பு மாத்திரையைக்கூடக் காலையில் கொடுக்கவில்லையாம், டாக்டர் முன்னால் ஒரு தடவை வந்துவிட்டால் வேலை சுலபம் என்று. அதை அவர் சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சொன்னார். நான் அவரை அருவருப்போடு பார்த்தேன். ஒரு தாய் இப்படிச் செய்வாளா என்று நினைத்தேன். எவ்வளவு நல்லவளாக இருந்திருக்கிறேன் நான். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஊர் திரும்பிவிடுகிறவளுக்கு நல்லவளாக இருப்பதில் என்ன கஷ்டம்.

டாக்டர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். முன்னூறு பேரை இரண்டரை மணிநேரத்தில் பார்த்து முடிக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். பாப்பா உள்ளே போனதும் வெள்ளைக்கோட்டைப் பார்த்துச் சிரித்தாள். அவர் நிமிர்ந்து, "உன் பேர் என்னம்மா?" என்றார். அவள் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் பேரு என்று ஆரம்பித்து முழுசாகச் சொன்னாள். அவ்வளவு தெளிவாக அதற்கு முன்பு ஒருநாளும் சொன்னதில்லை. டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, நல்லாப் பேசுதே குழந்தை" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நான்தான் சார் கற்றுக்கொடுத்தேன் என்று சொன்னேன். இரண்டு வருஷம் ஆயிற்று சார் என்றும் சொன்னேன். அவர் குட் என்று சொல்லிவிட்டு, படிவத்தில் ஏதோ எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டார். நாங்கள் உள்ளே இருந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

வெளியே மேஜையில் சீல் வைத்தவர்தான் டாக்டர் எழுதிய ஊனச் சதவீதத்தைப் படித்துச் சொன்னார். பராமரிப்புத் தொகைக்கு வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. வேண்டுமானால் பஸ் பாஸ் வாங்கிக்கொள்ளலாம் என்றார். எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. அவளுக்கு இன்னும் தானாகச் சாப்பிடத் தெரியாது, மூத்திரம் வந்தால் சொல்லத் தெரியாது, நெருப்புக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது, பெயரைத் தவிர வேறு எந்தச் சொல்லும் கோவையாக வராது என்று நான் அந்த மேஜைக்காரரிடம் கத்தினேன். டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதானே என்றார். மறுபடி உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அண்ணன் கத்தவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டையை மாட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஜாஸ்தியா சொல்லிக் குடுத்துட்டோமோ, டீச்சர்?"

அடுத்த மாதம் தபால்காரர் அந்த வீட்டைத் தாண்டிப் போனார். அதற்கடுத்த மாதமும். அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, துறைமுகத்தில் ஒரு விசைப்படகில் கூலிக்குச் சேர்ந்தார். போனால் திரும்ப நாலு நாள், சமயத்தில் ஆறு நாள். சைக்கிள் வருவது நின்றது. நான் ஒரு வாரம் போய் அவளைப் பஸ்ஸில் கூட்டிவரப் பார்த்தேன். கூட்டத்தைக் கண்டு அலறினாள், தன் கையைத் தானே கடித்தாள், பஸ்ஸிலிருந்து எங்களை இறக்கிவிட்டார்கள். ஆட்டோவுக்கு என் சம்பளம் காணாது. பள்ளியில் வண்டி கேட்டேன், அதற்கும் மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். எட்டாவது நாள் நானும் போகவில்லை. ஒரு மாதம் கழித்து மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். பாப்பாவின் இடது கணுக்காலில் ஒரு கயிறு. மறுமுனை வீட்டுக் கம்பத்தில். தோல் அறுக்காமலிருக்கக் காலைச் சுற்றிப் பழைய பருத்திச் சேலையைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் கயிற்றை முடிந்திருந்தார்கள். நாற்காலிப் பட்டையில் பார்த்த அதே முடிச்சு, யார் போட்டது என்று தெரிந்துவிட்டது. வாசலிலிருந்து கடல் இருநூறு அடி. அவிழ்த்துவிட்டால் அவள் நேராகத் தண்ணீருக்குத்தான் நடப்பாள், ஒரு தடவை இடுப்பளவு போய்விட்டாள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். மீன் விற்கப் போகிற அந்த அக்காதான் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சோறு வைத்துக்கொண்டிருந்தார். பாப்பா என்னைப் பார்த்ததும், கேட்காமலே, என் பேரு என்று ஆரம்பித்துத் தன் பெயரைச் சொன்னாள். தரையில் மூத்திரம் காய்ந்த வாடை அடித்தது.

பிறகு மனு. திங்கட்கிழமை தோறும் மனு வாங்குவார்கள். எத்தனை திங்கட்கிழமை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சிறிய ரசீது கொடுப்பார்கள், ஒரு மாதம் கழித்து பரிசீலனையில் உள்ளது என்று ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்கு ஒட்டிய தபால்தலைச் செலவையாவது அவளுக்குக் கொடுத்திருக்கலாம். ஒரு தடவை மட்டும் ஓர் அதிகாரி எங்களை உட்காரவைத்துப் பேசினார். எதிரில் கண்ணாடி டம்ளரில் டீ. அவர் முகாம் சான்றைப் படித்துவிட்டு எனக்குப் புத்தி சொன்னார்.

"முன்னேற்றம் வந்திருக்குன்னா சந்தோஷப்படணும்மா. டீச்சர் நீங்களே அழுதா எப்படி?"

அவர் நல்ல வார்த்தை சொல்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் பிள்ளை பெயர் சொன்னதற்காகக் கயிற்றில் கட்டிக் கிடக்கிறது என்று சொன்னேன். கட்டிவைப்பது சட்டப்படி குற்றம், தெரியுமா என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, தெரியும் ஐயா என்றார். சான்றை மாற்ற வேண்டுமானால் அடுத்த முகாமில் மறுபடி காட்டுங்கள், சிதம்பரத்தில் வைக்கப்போகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அடுத்த முகாம் வர 2009 ஆனது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பாப்பா கம்பத்திலேயே இருந்தாள். அண்ணன் கரையில் இருக்கிற நாட்களில் மட்டும் சைக்கிள் வரும்.

முகாம் தேதி தெரிந்த அன்றைக்கு அவர் பள்ளிக்கு வந்தார். பாப்பாவைக் கொட்டகையில் விட்டுவிட்டு, போகாமல் நின்றார். கடலில் போய்ப்போய் உடம்பு கறுத்து, ஒரு கண் சிவந்தே கிடந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீங்க கத்துக்குடுத்தது, நீங்க சொன்னாத்தான் டீச்சர் கேக்கும். டாக்டரு கேட்டா மட்டும் பேசாம இருக்கச் சொல்லுங்க. மத்த நேரத்துல பேசிக்கினு கெடக்கட்டும்."

டாக்டர் கேட்டால் மட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் புரியும். வெளியார் முன்னால் இதைப் பேசாதே என்று சொல்லி வளர்க்காத வீடு ஏது. ஆனால் பாப்பாவைப் போன்ற பிள்ளைகளுக்கு 'மட்டும்' என்கிற சொல் கிடையாது. ஒன்றைப் பேசு என்றால் எப்போதும் பேசு, பேசாதே என்றால் எப்போதும் பேசாதே. இது அந்தத் தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்குத் தெரியும். நான் படித்த படிப்பே அதுதான். தெரிந்தும் சரி அண்ணே என்று சொன்னேன். கணுக்காலில் சேலைத் துணி சுற்றிய தடம் கண்ணெதிரே இருந்தது.

அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த அதே முறையைத்தான் பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கவும் பயன்படுத்தினேன். வேறு முறை எனக்குத் தெரியாது. எதிரில் உட்கார்ந்து உன் பெயர் என்ன என்று கேட்பேன். அவள் வாயைத் திறந்ததும் அவள் கையையே எடுத்து அவள் வாயைப் பொத்துவேன். பொத்தியபடி ஐந்து எண்ணும்வரை இருந்தால் ஒரு துண்டு கடலை மிட்டாய். முதல் நாள் அவளுக்குக் குழப்பமாக இருந்தது. பெயரைச் சொல்லிவிட்டு, வழக்கமாக நான் தட்டுகிற கைத்தட்டலுக்காகக் காத்திருந்தாள். நான் தட்டவில்லை. மறுபடி, இன்னும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். சரியாகச் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டாள்போல, ஒவ்வோர் எழுத்தாக, நான் கண்ணாடி முன்னால் சொல்லிக்கொடுத்த மாதிரியே உதட்டைக் குவித்து விரித்துச் சொன்னாள். நான் அவள் கையை எடுத்து அந்த வாயின் மேல் வைத்தேன். நாலாம் நாள் அவளாகவே பொத்திக்கொண்டாள். பெயரைச் சொல்லவைக்க இரண்டு வருஷம் பிடித்தது. நிறுத்துவதற்குப் பதினோரு நாள் போதுமாக இருந்தது.

சிதம்பரம் முகாமுக்கு அவளைத் தலை வாராமல் கூட்டிப்போனோம். இரண்டு நாள் குளிப்பாட்டவில்லை. கிழிந்த கவுன். என்னை டீச்சர் என்று சொன்னால் சந்தேகம் வரும் என்று, அத்தை என்று சொல்வதாகப் பேசிவைத்திருந்தோம். வரிசையில் புதிதாக வந்த ஒரு பெண் தன் மகளுக்குப் பொட்டு வைத்துப் பூவும் வைத்திருந்தாள். ஏன் வைத்தீர்கள் என்று அவளிடம் கேட்டது என் வாய்தான். உள்ளே இருந்த டாக்டர் இளம் வயதுப் பெண். எனக்கு அன்றைக்குப் பெரிய தண்டனை அவர்தான். அவர் அவசரப்படவே இல்லை. பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் மரக்கட்டைகளைக் கொடுத்து, தலையைத் தடவி, பெயர் என்னடா கண்ணா என்று கேட்டார். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வேறு ஏதோ விளையாட்டுக் காட்டிவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் பொத்திக்கொண்டாள். நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, ஒரு பிழையில்லாமல், சொல்லிக்கொடுத்த பாடத்தைச் செய்து முடித்தாள். டாக்டர் என்னிடம், இதுவரை ஏதாவது பேசியிருக்கிறாளா என்று கேட்டார். இல்லை டாக்டர் என்றேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டாக்டர் படிவத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, நிஜமான வருத்தத்தோடு எங்களிடம் சொன்னார்.

"இன்னும் சின்ன வயசுலயே ஒரு நல்ல ஸ்பெஷல் டீச்சர்கிட்ட விட்டிருந்தீங்கன்னா, பேராவது சொல்லியிருப்பா."

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். சதவீதம் வேண்டிய அளவுக்கு மேலே இருந்தது.

மூன்று மாதத்தில் மணியார்டர் மறுபடி வர ஆரம்பித்தது. அண்ணன் படகிலிருந்து இறங்கினார். நீல நாற்காலியைக் கழுவி, துருப்பிடித்த கம்பியை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். பாப்பா கம்பத்தை விட்டு வந்துவிட்டாள், நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் வாரமே அவளை உட்காரவைத்து, கைத்தட்டலோடு தயாராக, உன் பெயர் என்ன என்று கேட்டபோது வாயைப் பொத்திக்கொண்டாள். கையை விலக்கினேன், உதட்டை மூடிக்கொண்டாள். கண்ணாடியைக் கொண்டுவந்தேன், கண்ணாடியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இரண்டு வருஷம் விடாமல் முயன்றேன். அதற்குள் ஊனமுற்றோர் என்று சொல்லக் கூடாது, மாற்றுத்திறனாளிகள் என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. அலுவலகப் பலகைகளையெல்லாம் புதிதாக எழுதி மாட்டினார்கள். நல்ல சொல், நல்ல பெயிண்ட். உள்ளே ஜன்னலில் இருந்தவர் மட்டும் மாறவில்லை. ஊனம் தெரியும்படி போட்டோ எடுத்துவரச் சொல்லித்தான் அப்போதும் மனுக்களைத் திருப்பிக்கொண்டிருந்தார். 2011இல் நான் வேலையை விட்டேன். கல்யாணம், குழந்தை என்று வீட்டில் காரணம் சொன்னேன். எந்தப் பிள்ளைக்கும் இனிமேல் எதையும் கற்றுக்கொடுக்க எனக்குத் துணிச்சலில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நான் சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் சான்றுகளை நகல் எடுக்க வருவார்கள். அவர்கள் நீட்டுகிற புகைப்படங்களை நான் பார்ப்பதில்லை, கவிழ்த்துத்தான் வைப்பேன். அவளைக் கடைசியாகப் பார்த்தது 2012இல். கடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள், தேவனாம்பட்டினம் வரை போய்விட்டு வந்தேன். பாப்பாவுக்குப் பதினைந்து வயதாகியிருந்தது, என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். அண்ணன் வலையை மடியில் போட்டுக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள், காலில் கயிறு இல்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள். அண்ணன் டீ வாங்கி வந்தார். பேச்சோடு பேச்சாக, வீட்டில் தானும் அவ்வப்போது கேட்டுப் பார்ப்பதாகவும், வாயே திறப்பதில்லை என்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். உன் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். பொத்தியபடியே, கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல், இடது கையை என் முன்னால் நீட்டினாள். உள்ளங்கை விரிந்திருந்தது. என்னிடம் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைத் தவிர ஒன்றுமில்லை. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வலையை ஒதுக்கிவிட்டு எழுந்து உள்ளே போனார். ஒரு டப்பாவைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து வந்து, அவள் கையில் வைக்காமல், என் கையில் வைத்தார்.

"குடுத்துருங்க டீச்சர். நீங்க சொன்னத செஞ்சிட்டா இல்ல."